வாசகர் கேள்வி-பதில்: அயர்லாந்துக்காரங்களோட 2018

கேள்வி: போன இதழ்ல "ஒரு நாடு ஒரே வருஷத்துல மாறினதைப் பாக்கணும்னா அயர்லாந்தோட 2018-ஐப் பாருங்க"ன்னு எழுதியிருந்தீங்க. அப்படி என்னதான் நடந்துச்சு?

பதில்: அந்த வருஷம் மே 25, வெள்ளிக்கிழமை, ஒரு பொது ஓட்டெடுப்பு நடந்துச்சுங்க. வயித்துல இருக்கற சிசுவோட உயிருக்கும் தாயோட உயிருக்கும் சம உரிமைன்னு சொல்லி, கருக்கலைப்பைக் கிட்டத்தட்ட முழுசா தடுத்த எட்டாவது சட்டத் திருத்தத்தை 1983-ல அந்த மக்களேதான் ஓட்டுப் போட்டு கொண்டு வந்தாங்க, அதை வச்சுக்கலாமா தூக்கிடலாமாங்கறதுதான் கேள்வி. 1983-ல கிட்டத்தட்ட 67 சதவீதம் பேர் வேணும்னாங்க, 35 வருஷம் கழிச்சு 66.4 சதவீதம் பேர் தூக்குங்கன்னுட்டாங்க. நகரம் ஒரு பக்கம் கிராமம் ஒரு பக்கம்னு பிரியும்னு பலரும் நெனச்சாங்க, பிரியல. டொனகால் ஒண்ணைத் தவிர எல்லாத் தொகுதியும் ஒரே பக்கம்.

எனக்கு இதுல மறக்கவே முடியாதது ஓட்டுப் போட ஊருக்கு வந்த கூட்டம்தான். வெளிநாடு போன சாதாரண குடிமக்களுக்கு அங்க தபால் ஓட்டு கிடையாது, அதனால லண்டன்ல இருந்து, அமெரிக்கால இருந்து, ஆஸ்திரேலியால இருந்துன்னு சொந்தக் காசுல டிக்கெட் போட்டு வந்தாங்க, டப்ளின் ஏர்போர்ட்ல முன்னப்பின்ன தெரியாதவங்க நின்னு கைதட்டி வரவேற்றாங்க. இதே கப்பல், இதே ஃப்ளைட்லதான் 1980-ல இருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேல அயர்லாந்து பெண்கள் கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போனாங்க, பல பேர் வீட்டுல கூட சொல்லாம போயிட்டு வந்தாங்க. அந்தப் பயணத்தைப் பத்தி 2018-லதான் அந்தப் பெண்கள் டிவியில, தெருவுல, வீட்டு வாசல்ல ஓட்டுக் கேட்டு வந்தவங்ககிட்டன்னு வெளிப்படையா பேசினாங்க. என்னைக் கேட்டா ஜெயிக்க வச்சது கட்சிங்க இல்ல, இந்தப் பேச்சுதான்.

கேள்வி: இதுல நம்ம நாட்டுப் பெண் ஒருத்தர் பேரு அடிபட்டுச்சே?

பதில்: ஆமாங்க, சவிதா ஹலப்பனவர். கர்நாடகாவுல பெலகாவிக்காரங்க, பல் டாக்டர், அயர்லாந்துல கால்வேங்கற ஊர்ல குடியிருந்தாங்க. 2012 அக்டோபர்ல 17 வார கர்ப்பம், கரு கலைய ஆரம்பிச்சிருச்சு, காப்பாத்த முடியாதுன்னு டாக்டருங்களுக்கே தெரியும். சவிதா கருவைக் கலைச்சு விடுங்கன்னு கேட்டாங்க, ஆனா சிசுவுக்கு இதயத் துடிப்பு இருக்கு, சட்டம் இடம் கொடுக்காதுன்னு சொல்லிட்டாங்க. ரத்தத்துல தொற்று பரவி அக்டோபர் 28-ம் தேதி போயிட்டாங்க, 31 வயசுதான். இதை எழுதும்போது இப்பவும் மனசு கொதிக்குது.

ஓட்டெடுப்புக்கு முன்னாடி அவங்க அப்பா பெலகாவியில இருந்தே, என் மகளை நினைச்சு ஓட்டுப் போடுங்கன்னு அயர்லாந்து மக்கள்கிட்ட கேட்டுக்கிட்டாரு. டப்ளின்ல ஒரு சுவத்துல சவிதா முகத்தை வரைஞ்சு வச்சிருந்தாங்க, ரிசல்ட் வந்தப்ப ஜனங்க அங்க போய் மன்னிப்புக் கேட்டு சின்னச் சின்ன சீட்டா எழுதி ஒட்டினாங்க, சுவரே நிறைஞ்சு போச்சு.

கேள்வி: ஓட்டு போயிடும்னு அரசியல்வாதிங்க இதைத் தொடவே பயந்திருப்பாங்களே?

பதில்: பயந்தாங்கதான். அதுக்குத்தான் 2016-ல குடிமக்கள் பேரவைன்னு ஒண்ணு வச்சாங்க. குலுக்கல் மாதிரி பொறுக்கி எடுத்த 99 சாதாரண ஜனங்க, தலைமைக்கு மேரி லஃபாய்ங்கற நீதிபதி. டப்ளின் பக்கத்துல மலஹைடுல ஒரு ஹோட்டல்ல வார இறுதியில கூடி டாக்டர், வக்கீல், எதிர்ப்பாளர்னு எல்லாரையும் கேட்டாங்க, கடைசியில சட்டத்தை மாத்துங்கன்னு சொல்லிட்டாங்க, அதுவும் அரசியல்வாதிங்க நெனச்சதை விட ரொம்ப தூரம் போய். விவரம் முழுசா தெரிஞ்சா ஜனங்க பொறுப்பா முடிவெடுப்பாங்கங்கறதுல எனக்கு நம்பிக்கை வந்ததே இதைப் படிச்சப்பதான்.

கேள்வி: கத்தோலிக்க நாடாச்சே, சர்ச் என்ன பண்ணுச்சு?

பதில்: அதே வருஷம் ஆகஸ்ட்ல போப் ஃபிரான்சிஸ் அங்க வந்தாரு. 1979-ல இரண்டாம் ஜான் பால் வந்தப்ப ஃபீனிக்ஸ் பார்க்ல பத்து லட்சத்துக்கு மேல கூட்டம், இந்தத் தடவை அதே பார்க்ல எவ்வளவோ இடம் காலி. வரவேற்பு மேடையிலயே பிரதமர் லியோ வராட்கர், கன்னியாஸ்திரிங்க நடத்தின, பெண்களை அடைச்சு வச்சு சம்பளமில்லாம வேலை வாங்கின மக்தலேன் சலவைக்கூடங்கள்ல அவங்க பட்டதையும் கல்யாணமாகாத தாய்மாரை அடைச்சு வச்ச இல்லங்களையும் போப் முகத்துக்கு நேராவே சொன்னாரு.

ட்யூம்ங்கற ஊர்ல அப்படி ஒரு இல்லத்துல 796 குழந்தைங்க செத்த பதிவுகளைத் தேடி எடுத்தவங்க கேத்தரின் கார்லெஸ்ங்கற உள்ளூர் ஆராய்ச்சியாளர். அவங்க அந்த வரவேற்புக்குப் போகல, ட்யூம்லயே அந்தக் குழந்தைங்களுக்காகக் கூடின கூட்டத்துல இருந்தாங்க. சாமி நம்பிக்கை போயிருச்சுன்னு இதுக்கு அர்த்தம் எடுக்காதீங்க, மே மாசம் தூக்குங்கன்னு ஓட்டுப் போட்டவங்கள்ல ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போறவங்களும் இருந்தாங்க.

கேள்வி: நான் கிரிக்கெட் ரசிகன், எனக்கு ஏதாச்சும்?

பதில்: இருக்கே! அதே மே மாசம், அதே மலஹைடு, அயர்லாந்து ஆண்கள் அணியோட முதல் டெஸ்ட் மேட்ச் பாகிஸ்தானோட. முதல் நாள் பூரா மழை, அப்புறம் ஃபாலோ ஆன், ஆனா ரெண்டாவது இன்னிங்ஸ்ல கெவின் ஓ பிரையன் 118 அடிச்சாரு. தோத்தாலும் பாகிஸ்தானை நல்லாவே தண்ணி குடிக்க வச்சாங்க.

கேள்வி: சட்டம் மாறினதோட எல்லாம் சரியாயிடுச்சா?

பதில்: இல்லங்க. டிசம்பர் 20-ம் தேதி ஜனாதிபதி மைக்கேல் டி ஹிக்கின்ஸ் கையெழுத்துப் போட்டாரு, 2019 ஜனவரி 1-ல இருந்து 12 வாரம் வரைக்கும் காரணம் கேக்காம செய்யலாம்னு ஆச்சு. ஆனா எல்லா மகப்பேறு ஆஸ்பத்திரியிலயும் உடனே ஆரம்பிக்கல, டாக்டரை முதல்ல பாத்துட்டு மூணு நாள் காத்திருக்கணும்னு ஒரு விதி வேற. கிராமத்துல இருக்கற, லீவு கெடைக்காத பெண்ணுக்கு அந்த மூணு நாள் எவ்வளவு பாரம்னு யோசிச்சுப் பாருங்க. 2023-ல வந்த மறு ஆய்வு அறிக்கையும் அந்த விதியை மாத்தச் சொல்லுச்சு.