புது ஏர் ரைஃபிளில் துருப்புள்ளி: முதலில் கை வைக்காதீர்கள்

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் உள்ளூர்க் கடையில் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் வாங்கினேன். விலை குறைந்த ரகம்தான். பேரலில் கறுப்பு திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது. மேலிருந்த பிசுக்கைத் துடைத்தால் அடியில் செம்புள்ளிகள். கட்டையில் ஓரிடத்தில் வார்னிஷ் கொப்புளம் விட்டிருக்கிறது. கடைக்காரர், "இந்த விலைக்கு இப்படித்தான் வரும் சார், எண்ணெய் போட்டுத் தேய்ங்க" என்கிறார். அவர் கைகாட்டிய ஆள் 2,000 ரூபாய்க்குப் பாலிஷ் போட்டு, கூடவே 'பவர்' ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கொடுக்காதீர்கள். நீங்களும் தேய்க்காதீர்கள். உப்புத்தாளோ பாலிஷோ பட்ட மறுநிமிடம், "நீங்கள்தானே சுரண்டினீர்கள்" என்று சொல்லக் கடைக்காரருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்வதில் அவருக்கு இருக்கும் லாபமே அதுதான்.

இன்றே செய்ய வேண்டியது படம் எடுப்பது. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். பேரலில் குத்தியிருக்கும் எண், பில், பெட்டியின் லேபிள் மூன்றும் தனித்தனிப் படத்தில் தெரிய வேண்டும். படங்களைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, "வாங்கியபோதே இருந்த குறை, மாற்றித் தாருங்கள்" என்று இரண்டு வரி எழுதுங்கள். நேரில் போய்ச் சண்டை போட்டால் எழுத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பில்லில் கெடு இல்லாவிட்டால் 30 நாள். மூன்று வாரம் போய்விட்டது. உங்கள் கையில் இருப்பது ஒன்பது நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தாலும் அசராதீர்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த ஸ்டாம்ப் செல்லாது. பில்லே தராமல் துண்டுச்சீட்டு கொடுத்திருந்தால் அதுவும் அதே சட்டத்தில் குற்றச்சாட்டுதான்.

கடைக்காரர் அடுத்து, "கம்பெனிக்கு எழுதுங்க" என்பார். கம்பெனி, "டீலரைப் பாருங்கள்" என்னும். இந்தப் பந்தாட்டத்தில்தான் முக்கால்வாசிப் பேர் சலித்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு. கம்பெனிக்கு அனுப்புவது கடையின் வேலை. மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாள்காட்டியில் தேதி குறிக்காதீர்கள். ஆனால் புகார் எண் ஒன்றைக் காட்டினாலே பல கடைகளில் மாற்றுத் துப்பாக்கி உள்ளறையிலிருந்து வெளியே வந்துவிடுகிறது.

எது உண்மையில் குறை? பேரலுக்கும் அதன் பின்னாலுள்ள உருளைக்கும் கறுப்பு கொஞ்சம் வேறுபட்டிருந்தால் அது குறையல்ல. இரண்டும் வேறுவேறு இரும்பு, இரும்பைக் கறுப்பாக்கும் சாயம் ஒரே மாதிரி ஏறாது. செம்புள்ளி மேல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மேல்துரு. தட்டினால் துரு குழி பறித்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை பேரல் வாயில் விட்டு ஒரு சுற்று சுற்றுங்கள் (குண்டு போடாமல், ஸ்பிரிங் ஏற்றாமல்). பஞ்சு நார் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது, குண்டு கோணலாகப் போகும். கட்டையில் திருகுத் துளையருகே மயிரிழை விரிசல் தெரிந்தால் அதுவும் பூச்சுக் குறையல்ல, கட்டையே போச்சு. கொப்புளம் மட்டும் என்றால், மரம் காயுமுன் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

'பவர்' ஏற்றும் ஆளைப் பற்றி. லைசென்ஸ் இல்லாமல் ஏர் ரைஃபிள் வைத்துக்கொள்ள 2016 ஆயுத விதிகள் இடம் தருவது 4.5 மி.மீ. துளை, 20 ஜூல் சக்தி என்ற வரம்புக்குள்தான். அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். வேகம் 283 மீட்டரைத் தொட்டாலே 20 ஆகிவிடும். ஏனென்றால் வேகம் ஒன்றரை மடங்கானால் சக்தி இரண்டேகால் மடங்காகும். அந்த ஆளிடம் வேகம் அளக்கும் கருவி இருக்காது. அவர் தடித்த ஸ்பிரிங்கைத் திணித்துவிட்டுப் போவார், லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்ததாக மாட்டுவது நீங்கள். அதற்குமுன் பிஸ்டன் வாஷர் கிழியும், கட்டைத் திருகு தளரும், குறியும் கெடும். ஸ்பிரிங் உருளையின் பின்மூடியை நீங்களும் கழற்றாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயும்.

மாற்றித் தர முடியாது என்று எழுத்தில் வந்து, பணத்தில் ஒரு பகுதியையாவது வாங்கிக்கொண்டு நீங்களே சரிசெய்வதாக முடிவெடுத்தால் மட்டும் இனி சொல்வது. மேல்துருவுக்கு 0000 நம்பர் ஸ்டீல் வூல் (மிக மெல்லிய இரும்பு நார்), துப்பாக்கி எண்ணெய் நாலு சொட்டு, விரல் கனத்துக்கு மேல் அழுத்தம் வேண்டாம். எண் குத்திய இடத்தைத் தொடாதீர்கள். வெளுத்த இடத்தில் கறுப்பேற்ற 'கோல்ட் ப்ளூ' (cold blue) திரவம் இருக்கிறது. பெரும்பாலும் செலினியம் கலந்த விஷம், ஆகவே கையுறை, திறந்த இடம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பிசுக்கை முழுக்க எடுங்கள். விரல்ரேகை பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. இரும்பை வெயிலில் வெதுவெதுப்பாக்கி, பஞ்சில் தொட்டு ஒரே இழுப்பாகத் தடவி, ஒரு நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். மூன்று நான்கு முறை. கடைசியில் எண்ணெய் பூசி ஓர் இரவு விடுங்கள். மிச்சத் திரவத்தைத் துடைக்காமல் விட்டால் மறுவாரம் இன்னும் அதிகமாகத் துருப்பிடிக்கும்.

இதில் ஒரு விலக்கு. அதை விட்டால் மொத்த வேலையும் வீண். விலை குறைந்த ரகங்களில் பல, சாயமேற்றியவையே அல்ல, வெறும் கறுப்பு பெயின்ட். பெயின்ட் மேல் கோல்ட் ப்ளூ ஒன்றும் செய்யாது. கட்டைக்குள் மறையும் இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் (அசிட்டோன் கலந்த நகப்பூச்சு எடுக்கும் திரவமே போதும்) பத்து முறை தேயுங்கள். பஞ்சு கறுத்து, அடியில் வெள்ளி நிறம் எட்டிப்பார்த்தால் பெயின்ட். கறுப்பு அசையாவிட்டால் சாயம். சில கெட்டிப் பெயின்ட் அசிட்டோனுக்கும் மசியாது. அதை விளிம்பில் பாருங்கள், செதிலாக உரிந்திருக்கும். சாயம் உரியாது, தேயத்தான் செய்யும். ஒரே துப்பாக்கியில் பேரல் சாயமும் உருளை பெயின்டுமாக இருப்பதும் உண்டு, இரண்டிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். டிரிகர் காப்பு வார்ப்பு அலாய் என்றால் காந்தம் ஒட்டாது. அங்கே கோல்ட் ப்ளூ ஊற்றுவது காசைக் கொட்டுவது. பெயின்டுக்கு பெயின்ட்தான் மருந்து.

கொப்புளத்துக்கு 240, பிறகு 400 உப்புத்தாள், மர ஓட்டத்தின் திசையில் மட்டும். பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவி, கால் மணியில் துடைத்து, ஒரு நாள் இடைவெளியில் மூன்று பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

துரு எடுக்கும் ஸ்ப்ரேயைக் காற்று போகும் துளைக்குள் அடிக்க வேண்டாம். பிஸ்டன் அழுத்தும் சூட்டில் எண்ணெய் வெடித்து ரப்பர் வாஷரைத் தின்றுவிடும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் ரெக்சின் உறைக்குள் வைத்துப் பூட்டுவதும் கூடாது. உறையின் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து அப்படியே பேரலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்த் துணியால் துடைத்து, குண்டும் ஸ்பிரிங் ஏற்றமும் இல்லாமல், சிலிகா ஜெல் பையோடு பீரோவில் பூட்டி வையுங்கள்.