ஆமிஷ் குடும்பங்களோடு வெளியாள் ஒருவர் நட்பாகப் பழக முடியுமா?

கேள்வி: வேலை விஷயமாகப் பென்சில்வேனியாவுக்குக் குடிபோகிறோம். பக்கத்திலேயே ஆமிஷ் மக்கள், அதாவது காரும் மின்வாரிய இணைப்பும் இல்லாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர், இருக்கிறார்களாம். வெளியாட்களோடு ஒட்டவே மாட்டார்கள் என்கிறார்கள். உண்மையா? பழக வேண்டுமென்றால் எப்படித் தொடங்குவது?

ஒட்ட மாட்டார்கள் என்பது தப்பு. நாங்கள் இருப்பது லான்காஸ்டர் கவுண்டியில். சுற்றிலும் ஆமிஷ் பண்ணைகள்தான். எங்கள் இடப்பக்கத்து வீட்டுக் குடும்பத்தை இன்றைக்கு என் சொந்தம் மாதிரி என்று கூசாமல் சொல்வேன். ஆனால் அந்தப் பழக்கம் பேச்சில் வரவில்லை, வேலையில் வந்தது.

அவர்கள் முதலில் கொஞ்சம் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் வருஷம் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். 340-ஆம் எண் சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கொடியில் காயும் துணியையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் படம் எடுக்கிறார்கள். முகம் தெரியப் படத்துக்கு நிற்பது தற்பெருமை என்று நம்புகிற மக்கள் அவர்கள். தினமும் நம்மை யாராவது இப்படி வேடிக்கை பார்த்தால் நாமும் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் செய்வோம்.

அதனால் முதலில் வாடிக்கையாளராகப் போங்கள். முட்டை, தக்காளி, சோளம் என்று வீட்டு வாசலிலேயே விற்பார்கள். பல இடங்களில் ஆள்கூட இருக்காது, காசுப் பெட்டி மட்டும் இருக்கும். எடுத்ததற்குச் சரியான காசைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதுவும் விற்க மாட்டார்கள், அன்றைக்குப் போய்க் கேட்காதீர்கள். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். மழை, மண், மாடு, இந்த வருஷத் தக்காளி பற்றிப் பேசுங்கள். ‘ஏன் மின்சாரம் இல்லை, ஏன் கார் இல்லை’ என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பிக்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லி அலுத்துப்போனவர்கள் அவர்கள். பழகிய பிறகு தாங்களாகவே சொல்வார்கள்.

எங்களுக்குப் பழக்கம் வந்தது ஒரு ஃப்ரீசரால். அந்தப் பக்கத்து வீட்டில் மின்வாரிய இணைப்பு கிடையாது. ஆனால் பெரிய குடும்பம், குளிர்காலம் முழுவதற்கும் காய்கறி சேர்த்துவைக்க வேண்டும். அதனால் ஆமிஷ் அல்லாத அண்டை வீட்டில் ஃப்ரீசர் வைத்துக்கொண்டு, கரண்டுக்குப் பணம் கொடுப்பது இங்கே வழக்கம். முன்பு அவர்கள் ஃப்ரீசரை வைத்திருந்த வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போனதும், அந்த ஆமிஷ் வீட்டம்மா எங்களிடம் வந்து கேட்டார். எங்கள் பேஸ்மென்டில் இடம் இருந்தது, சரி என்றோம். அன்றிலிருந்து அவர்கள் பிள்ளைகள் சின்னத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வருவதும், பை பையாக எடுத்துப் போவதும், போகிற போக்கில் என் அடுப்பில் என்ன என்று எட்டிப் பார்ப்பதும் வாடிக்கை ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகாத குட்டிகளுக்கு ஆங்கிலம் வராது, வீட்டில் பேசுவது பென்சில்வேனியா டச்சு என்கிற ஜெர்மன் வழிப் பேச்சு. சிரிப்பே போதும்.

ஆகஸ்டில், குளிர்காலத்துக்குச் சோளம் சேர்த்துவைக்கும் நாள் வரும். விடிவதற்குள் ஆண்கள் வண்டி நிறையக் கதிர் ஒடித்துக் கொண்டுவந்து மரத்தடியில் கொட்டுவார்கள். பிள்ளைகள் தோலை உரிக்க, பெண்கள் நாரைத் தேய்த்து எடுத்து, பெரிய அண்டாவில் ஒரு கொதி விட்டுத் தொட்டித் தண்ணீரில் போடுவார்கள். ஆறியதும் கத்தியால் முத்துகளைச் சீவித் தட்டில் விழவைத்து, பையில் அடைப்பார்கள். முழங்கை வரை சோளப்பால் ஒட்டிக் காய்ந்திருக்கும். அதற்கு என்னையும் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து சீவுகிற அந்த நேரத்தில்தான் பேச்சு வரும்: பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது உங்கள் ஊரில் எப்படி, மாமியாரோடு ஒரே வீடா, சாப்பாட்டில் இத்தனை காரம் ஏன். அவர்கள் பண்ணை வீட்டை ஒட்டியே தாத்தா பாட்டிக்கென்று ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்வார்கள். வயதானவர்களைத் தனியே விடுவதில்லை என்பதில் நம் ஆட்களுக்கும் அவர்களுக்கும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் எல்லாரும் தலை குனிந்து சத்தமில்லாமல் ஜெபிப்பார்கள். வீட்டுப் பெரியவர் தலை நிமிரும்வரை காத்திருங்கள். சாப்பிட்டு முடித்த பிறகும் இன்னொரு முறை உண்டு, உடனே எழுந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள்கூட உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும், ஆன்ட்டி அங்கிள் எல்லாம் கிடையாது. அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், டாக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டாக்டர் என்றதும் ஹோம்ஸ் மார்ட்டனைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிலடெல்பியாவிலிருந்த இந்த மருத்துவர், 1980களின் கடைசியில் ஆமிஷ் குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்த ஒரு பரம்பரை நோயைக் கண்டறிந்தார். கண்டறிந்ததோடு நிற்கவில்லை, பண்ணை பண்ணையாக அவரே போனார். 1989-இல் மனைவியோடு சேர்ந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் அந்தக் குழந்தைகளுக்கென்றே மருத்துவமனை தொடங்கினார். கட்டடத்துக்கு மரச்சட்டம் ஏற்றித் தந்தவர்கள் அந்த மக்களேதான். வெளியாளை நம்ப மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

2006 அக்டோபரில் நிக்கல் மைன்ஸ் பள்ளியில் ஐந்து சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் ஆமிஷ் அல்லாத, அதே பகுதியில் பால் வண்டி ஓட்டியவன். அந்த மக்கள் உடனேயே அவன் குடும்பத்தைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள், அவனை அடக்கம் செய்தபோதும் வந்து நின்றார்கள். பிறகு அவனுடைய தாய், படுகாயத்தோடு பிழைத்த ஒரு சிறுமியைப் பார்த்துக்கொள்ள வாரந்தோறும் அவள் வீட்டுக்குப் போய்வந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சடைக்கும். இதை மட்டும் அவர்களிடம் நீங்களாக எடுக்காதீர்கள்.

கார் வைத்துக்கொள்ள மாட்டார்களே தவிர, ஏறுவார்கள். மைல் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு வண்டி ஓட்டுபவர்கள் இங்கே நிறைய. ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ உங்களைக் கேட்டால் போய்வாருங்கள். காசு வேண்டாம் என்றீர்களானால் மறுநாள் வாசலில் பழம் வைத்துச் சுட்ட ஒரு ‘பை’ (pie) பலகாரம் இருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அந்த வீட்டு வயசுப் பிள்ளைகளுக்கு ரகசியமாக செல்போன் கொடுப்பது, ‘வெளியே வா, உலகத்தைப் பார்’ என்று கிளப்பிவிடுவது, இதெல்லாம் கூடவே கூடாது. வளர்ந்தபின் ஞானஸ்நானம் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்கள் உரிமை. பெரும்பாலானோர் எடுக்கத்தான் செய்கிறார்கள். நாம் அதில் தலையிட்டால் பெற்றவர்களின் முகத்தில் விழிக்க முடியாது.

எல்லை உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அவர்களுக்குச் சபைதான் முதல். முறைவைத்து வீட்டுக்கு வீடு நடக்கும் ஞாயிறு ஆராதனையும், ஒருவர் வீடு எரிந்தால் எல்லாரும் கூடிக் கட்டுவதும் அவர்களுக்குள் ஓடுகிற உறவு. அதில் நமக்கு விருந்தாளி இடம்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை. அதோடு எல்லா ஆமிஷ் மக்களும் ஒன்றுபோல இல்லை. ஒஹையோவின் ஹோம்ஸ் கவுண்டியில் மட்டுமே பல பிரிவுகள் உண்டு, மிகக் கண்டிப்பானவர்கள் வெளிப்பழக்கத்தையே குறைத்துக்கொள்வார்கள். உங்கள் பக்கத்து வீடு எப்படி என்று பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

குளிர் முடிகிற சமயத்தில் வருகிறீர்கள் என்றால் மட் சேலுக்குப் போங்கள். உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களுக்குப் பணம் திரட்டும் ஏலம் அது. கோர்டன்வில்லில் மார்ச் மாதம் நடக்கும். பனி உருகிச் சேறாகக் கிடக்கும் மைதானத்தில் கையால் தைத்த குயில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை, குதிரைச் சேணம், மரச்சாமான் எல்லாம் ஏலம் போகும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய், சூப் வரிசையில் நின்று, பக்கத்தில் நிற்பவரிடம் எந்த ஊர்ப் பண்ணை என்று கேளுங்கள்.