தையல் கேள்வி–பதில்: தானப் போர்வைக்குத் துணி எங்கே கிடைக்கும்?

வணக்கம் டீச்சர். எங்கள் மகளிர் குழுவில் தையல் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். மார்கழிக்கு முன்னால் ஒட்டுப் போர்வைகள் தைத்து, ஒரு முதியோர் இல்லத்துக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க ஆசை. கடையில் மீட்டர் கணக்கில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. ஓசியாகவோ குறைந்த விலைக்கோ துணி கிடைக்க வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

சகோதரி, முதலில் உங்கள் குழுவினர் எல்லாரும் அவரவர் பீரோவைத் திறந்து பார்க்கட்டும். கல்யாணம், வளைகாப்பு, நவராத்திரி, கிரகப்பிரவேசம் என்று வெற்றிலை பாக்கோடு வந்த ஜாக்கெட் பிட் எந்த வீட்டில் இல்லை? எந்தப் புடவைக்கும் சேராது. யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தது வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கும். ஒரு பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். துவைத்துக் காயவைத்த பிறகு 75 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்கு மூன்று என்று ஆறு பிட்டை இணைத்தால், தையலுக்குப் போக ஏறக்குறைய 5 அடிக்கு 7 அடி வரும். வளர்ந்த ஆள் காலை நீட்டிப் படுத்துப் போர்த்திக்கொள்ளலாம். தெருவில் பத்து வீட்டில் கேட்டாலே முதல் சில போர்வைகளுக்கு மேல்பக்கம் தயார்.

அடுத்தது நம் வேலூருக்கே உரிய வழி. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி, காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கமெல்லாம் லாட்ஜ்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவதால் அங்கே படுக்கை விரிப்புகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் நைவது நடுப்பகுதிதான். இரண்டு ஓரமும் கெட்டியாகவே இருக்கும். கழித்துப் போட்ட விரிப்புகளைத் தரச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். தைத்து முடித்த போர்வை ஒன்றைக் கொண்டுபோய் விரித்துக் காட்டுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று கண்ணால் பார்த்தவருக்கு மறுக்க மனம் வராது. வாங்கி வந்ததை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து அலசி, முழுநாள் வெயிலில் போடுங்கள். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமே இல்லையே.

கொஞ்சம் காசு செலவழிக்க முடியுமென்றால், கைலி நெசவுக்குப் பேர்போன குடியாத்தம் போய் வாருங்கள். இழை அறுந்தது, சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தது போன்ற கைலிகளை நல்ல சரக்கோடு சேர்க்க மாட்டார்கள். டேமேஜ் என்று ஒதுக்கியதை மொத்த வியாபாரிகளிடம் கேட்டால் விலை இறங்கிக் கொடுப்பார்கள். 2 மீட்டர் கைலி இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் போர்வையின் அடிப்பக்கம் முழுவதும் ஆயிற்று. புதுக் கைலியில் கஞ்சி இருக்கும், ராத்திரி முழுக்க ஊறவைத்துப் போக்கிவிட்டுத் தையுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கைலியையும் விடாதீர்கள். மூட்டியிருக்கும் தையலைப் பிரித்துவிட்டு, மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் இடையில் நடு அடுக்காக வைத்தால் கதகதப்பாக இருக்கும். 5.5 மீட்டர் நூல்புடவையும் அடிப்பக்கத்துக்கு நல்லதுதான். சரிபாதியாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஓரத்துக்குப் பட்டி வைக்கவும் துணி மிஞ்சும்.

தையற்கடைகளில் வெட்டுத் துண்டு கிடைக்கும், ஆனால் போட்டி உண்டு. மெக்கானிக் ஷாப், லாரிப் பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்க அதைத்தான் எடுத்துப் போகிறார்கள். உங்கள் குழுவின் பெயர் எழுதிய பை ஒன்றைக் கடையில் மாட்டிவிட்டு, வாரத்தில் ஒரே கிழமையில் தவறாமல் போய் எடுத்து வாருங்கள். நீங்கள் வராவிட்டால் துணி பட்டறைக்குப் போய்விடும். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் டெய்லரிடம் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள், பாவம், அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. உள்ளங்கையைவிடச் சின்னத் துண்டு வேண்டாம். இணைக்கிற நூலுக்கும் நேரத்துக்கும் கட்டாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வார்டு கவுன்சிலர் வீடுகளில் பொன்னாடைகள் குவிந்திருக்கும். வழுக்கும் துணி என்பதால் மேலே வைக்க முடியாது. நடு அடுக்குக்கு ஆகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தானம் என்றதும் கிழிந்த நைட்டி, கறை படிந்த விரிப்பு, இற்றுப்போன துண்டு எல்லாம் மூட்டையாக வந்து இறங்கும். வாசலிலேயே கைகூப்பி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வராந்தாவில் படுத்திருப்பவர் பிள்ளையையோ புருஷனையோ உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்தவர். நம் வீட்டு விருந்தாளிக்குக் கொடுக்கத் தயங்குகிற துணியை அவருக்குக் கொடுக்கக் கூடாது. காலமானவர்களின் துணியையும், மனமுவந்து கொடுத்தாலும், முதியோர் இல்லப் போர்வைக்கு நான் சேர்க்க மாட்டேன். அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்தால் மனம் சங்கடப்படும்.

இலவசமாக வந்த துணியில் எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, காட்பாடி

ஓரத்தில் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருளும். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்ப்பதானால் முதலில் துவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பருத்தி சுருங்கி, பாலியஸ்டர் அப்படியே நின்று, தையல் இழுத்துக்கொள்ளும். சிவப்பு, கருநீலத் துணிகளை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாக அலசுங்கள். அலச அலசச் சாயம் நிற்காவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

பழைய பட்டுப்புடவைகளை வெட்டிப் போர்வையில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, ஆரணி

வெட்டாதீர்கள். தானப் போர்வை அடிக்கடி சோப்பில் துவைபடும், பட்டு அதைத் தாங்காது. நிஜ வெள்ளி ஜரிகை இருக்கிற பழைய புடவையை வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டு விற்று, அந்தப் பணத்தில் காடா துணி வாங்குங்கள். தீபாவளிச் சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பார்கள். படுக்கை விரிப்பும் அப்போது வாங்குவது லாபம்.