போல்ட் தலை மழுங்காம இருக்க: பைக் கருவிகள் கேள்வி பதில்

இன்னிக்கு பைக், ஸ்கூட்டர் வேலைக்கான கைக்கருவிகள் மட்டும். மைலேஜ் வரல, எந்த வண்டி வாங்கலாம் மாதிரி கேள்விகளுக்குப் பதில் கிடையாது. எலக்ட்ரிக் வண்டியோட பேட்டரியைப் பிரிக்கிறதைப் பத்தியும் கேட்காதீங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்: பாகங்களைப் பெட்ரோல்ல கழுவாதீங்க. டீசல் போதும்.

புது ஸ்பேனர், ஈரோடு: அண்ணா, ஸ்பிளெண்டர் வச்சிருக்கேன். ஆயில் மாத்துறது, செயின் இழுக்கிறது, பிளக் கழட்டுறது எல்லாம் வீட்டுலயே பண்ணலாம்னு இருக்கேன். கையில 5000 ரூபாய். 108 பீஸ் பெட்டி ஒண்ணு பார்த்தேன், வாங்கலாமா?

வேணாம் தம்பி. அந்தப் பெட்டியில பாதிக்கு மேல சின்னச் சின்ன பிட்டு, எண்ணிக்கையைக் கூட்டறதுக்கு. உங்க வண்டியில வழக்கமான வேலை பெரும்பாலும் 8, 10, 12, 14, 17 மி.மீ. அளவுக்குள்ள முடிஞ்சிடும். ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் திறந்த வாய் இருக்கிற காம்பினேஷன் ஸ்பேனரை இந்த அளவுகள்ல தனித்தனியா வாங்குங்க. 10-லயும் 12-லயும் ரெண்டு ரெண்டு. போல்ட்டை ஒண்ணால பிடிச்சு நட்டை இன்னொண்ணால திருப்ப வேண்டிய இடம் நிறைய வரும். பின் ஆக்சில் நட்டுக்கு மட்டும் உங்க வண்டியில அளந்து பார்த்துட்டு ஒரு பெரிய ஸ்பேனர்.

அடுத்தது 8, 10, 12-ல டி வடிவக் கைப்பிடி வச்ச டி ஸ்பேனர். அப்புறம் ஒரு 3/8 இன்ச் ராட்செட் (எடுத்து எடுத்து மாட்டாம, முன்னும் பின்னும் ஆட்டியே திருப்பற கைப்பிடி), அதுக்கு ஆறு முனை சாக்கெட்டு, 75, 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன். பன்னிரண்டு முனை சாக்கெட் வேணாம். அது நட்டோட மூலையை ஒட்டித்தான் பிடிக்கும். நட்டு துருப்பிடிச்சு கொஞ்சம் தேய்ஞ்சிருந்தா மூலை வழுக்கி மழுங்கிடும். ஆறு முனை, தட்டையான பக்கத்தைத் தள்ளும். பிளக்குக்கு 16 மி.மீ. பிளக் ஸ்பேனர், உள்ளே ரப்பர் வச்சது. 4, 5, 6 எல் கீ. ஒரு கட்டிங் பிளேயர், வளையக் கிளிப் கழட்ட ஒரு சர்க்ளிப் பிளேயர், இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ்.

ஒரு பழக்கமும் சேர்த்துச் சொல்றேன். இறுகின போல்ட்டை முதல்ல ரிங் பக்கத்தால இளக்குங்க, அப்புறம் திறந்த வாயால சுத்துங்க. திறந்த வாய் ரெண்டே பக்கத்தைத்தான் பிடிக்குது, வழுக்கறது அங்கேதான். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வீட்டுக் குழாய்க்கு வச்சுக்கோங்க.

ஆர்எக்ஸ் பிரியன்: ஆர்எக்ஸ் 100, இன்ஜின் சைடு கவர்ல ஸ்டார் ஸ்க்ரூ. ரெண்டு தலை ஏற்கெனவே மழுங்கிப் போச்சு. நல்ல கம்பெனி ஸ்க்ரூ டிரைவர்தான் போட்டேன். என்ன தப்பு?

டிரைவர் நல்லதுதான், ஆனா வேற குடும்பம். பார்வைக்கு எல்லாமே பிளஸ்தான். ஜப்பான்காரங்க வண்டியில வர்ற ஸ்க்ரூவோட பள்ளம் ஜேஐஎஸ்ங்கிற ஜப்பான் தர அளவுல வெட்டினது, நாம கடையில வாங்கறது பெரும்பாலும் பிலிப்ஸ் முனை. பிலிப்ஸ் முனையை அந்தப் பள்ளத்துல வச்சா அடி வரைக்கும் இறங்காது. பாதியில தொங்கிட்டு நிக்கும், பலமாத் திருப்பினதும் மேலே ஏறி வழுக்கும். வழுக்கற ஒவ்வொரு தடவையும் பள்ளத்தோட உதட்டை வழிச்சு எடுத்துட்டுப் போகும். தலையில பிளஸ்ஸுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தா அது ஜேஐஎஸ். ஜேஐஎஸ் டிரைவர் பிலிப்ஸ் ஸ்க்ரூவுலயும் நல்லாவே உட்காரும், அதனால அதையே வாங்கி வச்சுக்கலாம். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு 2-ம் நம்பர், சைடு கவரோட எம்6 (6 மி.மீ. மரை) ஸ்க்ரூவுக்கு 3-ம் நம்பர். 3 போட வேண்டிய இடத்துல 2 போட்டாலும் இதே கதிதான்.

மழுங்கின ரெண்டுக்கும் கையால அடிக்கிற இம்பாக்ட் டிரைவர். ஊசியால பள்ளத்துல இருக்கிற அழுக்கைச் சுரண்டி எடுங்க. ஸ்க்ரூ தலை மேல ஒரு பழைய டிரைவரை நேரா வச்சு சுத்தியலால நாலு தட்டு தட்டினா மரையில பிடிச்சிருக்கிற துரு விட்டுடும். இம்பாக்ட் டிரைவர் கழட்டுற பக்கம் இருக்கான்னு பாருங்க, அது இறுக்குற பக்கம் இருந்து அடிச்சா கதை முடிஞ்சது. முனையை வச்சு, கையால இடப்பக்கமா அழுத்தமா முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரே அடி. அரை கிலோ சுத்தியல் வேணும், கால் கிலோ சுத்தியல் துள்ளும்.

திரும்பப் பூட்டும்போது எல் கீ போல்ட்டா மாத்திடலாம். நீளம் மாறக் கூடாது. ஒரு அட்டையில கவர் வடிவத்தை வரைஞ்சு, கழட்டுற ஸ்க்ரூவை அந்தந்த இடத்துலயே குத்தி வைங்க. நீளமானதைக் குட்டை இடத்துல போட்டா நுனி உள்ளே இடிக்கும். எல் கீ போல்ட்டுல இன்னொரு ஆபத்து இருக்கு, தலை வழுக்காது. இறுக்கிக்கிட்டே போகலாம், கடைசியில இன்ஜின் பக்கத்து அலுமினிய மரைதான் பிய்ஞ்சு வரும்.

சைலன்சர் சத்தம்: 5000-க்குள்ள எந்த செட் நல்லது?

முதல் கேள்வியைப் பாருங்க.

எஃப்இசட் ஓட்டுநர்: யமஹாவுல வலது பக்கக் கண்ணாடி கழல மாட்டேங்குது. ஸ்பேனர் சரியாத்தான் இருக்கு.

யமஹா வலது கண்ணாடி இடது மரை. கடிகாரம் சுத்துற பக்கமாத் திருப்பினாத்தான் கழலும். இவ்வளவு நேரம் இறுக்கிட்டு இருந்திருக்கீங்க, மரை இன்னும் இருக்கான்னு பாருங்க.

நைட் ஷிப்ட்: மேக்னெட் கழட்ட புல்லர் கட்டாயம் வேணுமா? ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பினா வராதா?

வரும், உடைஞ்சு வரும். மேக்னெட்ங்கிற காந்தச் சக்கரம் உட்கார்ந்திருக்கிறது கிராங்க் தண்டோட சரிவான முனையில. நெம்பினா இன்ஜின் கேஸ்ல பள்ளம் விழும், சுத்தியலால அடிச்சா உள்ளே ஒட்டியிருக்கிற காந்தம் விட்டுடும். உங்க வண்டிக்கான புல்லர்தான் வேணும். வெளி மரையைக் கையாலேயே முழுசா ஏத்தணும், ரெண்டு மூணு சுத்துல நிறுத்தினா அந்த மெல்லிய மரை பிய்ஞ்சுடும். அப்புறம் நடு போல்ட்டை இறுக்கி, போல்ட் தலையில ஒரு தட்டு. 'டொக்'னு ஒரு சத்தம் வந்தா விட்டுடுச்சுன்னு அர்த்தம். மேக்னெட்டை இடம் மாறாமப் பிடிக்கிற அரை வட்டச் சாவி கீழே விழும், தட்டு வச்சுக்கோங்க.

கிளட்ச் நட்டுக்கும் இதே பதில். நாலு பள்ளம் வச்ச நட்டு, அதுக்குத் தனி சாக்கெட் இருக்கு. உளி வச்சு அடிச்ச நட்டைப் பார்த்தாலே முன்னாடி யார் கை வச்சாங்கன்னு தெரிஞ்சிடும்.

பட்டறை 30 வருஷம்: தம்பி, எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. ஆனா போன தடவை டார்க் ரென்ச் (வச்ச அளவுக்கு இறுகினதும் 'கிளிக்'னு சொல்ற ஸ்பேனர்) வாங்கச் சொல்லி ஒரு பையனுக்கு எழுதியிருந்தீங்க. அதெல்லாம் கம்பெனி சர்வீஸ்காரன் வேலை. நமக்குக் கைதான் அளவு.

அண்ணே, உங்க கையை நான் சந்தேகப்படல. ஆனா உங்க கையோட சேர்ந்து உங்க ஸ்பேனரோட நீளமும் அளவு சொல்லுது. 10-ம் நம்பர் ஸ்பேனர் ஏறக்குறைய 15 செ.மீ. எம்6 போல்ட்டுக்குத் திருப்பு விசை 10 நியூட்டன் மீட்டர்னு வச்சா, அந்த நுனியில கொடுக்க வேண்டிய இழுப்பு கிட்டத்தட்ட 6.8 கிலோ. வருஷக்கணக்கா அதே ஸ்பேனரைப் பிடிச்சா அந்த 6.8 கிலோ கைக்குப் பழகிடும். புதுசா வர்ற பையன் 25 செ.மீ. ராட்செட்டை மாட்டிக்கிட்டு அதே இழுப்பு இழுத்தா கிட்டத்தட்ட 17 நியூட்டன் மீட்டர். அவன் அதிகமா இழுத்ததாவே அவனுக்குத் தெரியாது.

பட்டறை 30 வருஷம்: அப்போ குட்டை ஸ்பேனர் கொடுத்தாப் போதுமே. எதுக்கு அந்தக் காசு?

சைடு கவருக்குப் போதும், ஒத்துக்கறேன். சிலிண்டர் ஹெட் நட்டு வேற. நாலும் ஒரே அளவுல இருக்கணும். ஒண்ணு 18-லயும் பக்கத்துல ஒண்ணு 26-லயும் நின்னா கேஸ்கெட் ஒரு ஓரமா நசுங்கி, மறு ஓரத்துல ஆயில் கசியும். நாலு மூலையிலயும் கை ஒவ்வொரு கோணத்துல நிக்குது, ஃப்ரேம் ஒரு பக்கம் இடிக்குது. அங்கே கை ஏமாத்தும்.

கணக்கு வாத்தியார்: குறுக்கிடுறேன். டார்க் ரென்ச் காட்டுறது போல்ட்டோட இறுக்கத்தை இல்ல, உராய்வைத்தான். திருப்புற விசையில சுமார் 10-ல ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் போகுது. மீதி தலைக்கு அடியிலயும் மரையிலயும் உராய்வுக்கே போயிடும். மரையில எண்ணெய் பட்டா கணக்கே மாறிடுமே.

சார் சொல்றது முழுக்க சரி. அதனாலதான் மரை சுத்தமா இருக்கணும். துரு, பழைய லாக் பசை எதுவும் கூடாது. சர்வீஸ் புத்தகத்துல எண்ணெய் தடவச் சொன்ன இடத்துல தடவணும், சொல்லாத இடத்துல தடவக் கூடாது. காய்ஞ்ச மரைக்குக் கொடுத்த அளவை எண்ணெய் போட்ட மரைக்கு வச்சா போல்ட் தேவைக்கு மேல இழுபட்டு நிக்கும். ஸ்பார்க் பிளக் மரையில கிரீஸ் தடவுறவங்களுக்கும் இதுதான். ஆனா நாலு நட்டும் ஒரே மாதிரி சுத்தமா இருந்தா நாலுலயும் உராய்வு ஏறக்குறைய ஒண்ணுதான், சமமா இறுக்கறதுக்கு ரென்ச் அப்பவும் உதவும்.

கணக்கு வாத்தியார்: மலிவா வாங்கின ரென்ச் சரியா காட்டுதான்னு எப்படித் தெரியும்?

வீட்டுலயே ஓரளவு பார்க்கலாம். ரென்ச்சோட சதுர முனையை வைஸ்ல கவ்வி, தண்டு தரைக்கு இணையா நிக்க வைங்க. முனையோட நடுவிலிருந்து கைப்பிடியோட நடுக்கோடு வரைக்கும் அளங்க. 25 செ.மீ.ன்னு வச்சுக்குவோம். மளிகைக்கடைத் தராசுல தண்ணியோட வாளியை நிறுத்து சரியா 8 கிலோ ஆக்குங்க. அந்தக் கோட்டுல மெதுவாத் தொங்க விடுங்க. 8 × 9.8 × 0.25 போட்டா 19.6 நியூட்டன் மீட்டர். ரென்ச்சோட சொந்த எடை இன்னும் ஒண்ணு சேர்க்கும். 19-ல வச்சா 'கிளிக்' வரணும், 23-ல வச்சா வரக் கூடாது. 23-லயும் கிளிக் ஆனா அது குறைவான விசைக்கே சத்தம் போடுது, 19-ல ஆகலேன்னா கூடுதலா இறுக்குது. ரெண்டாவதுதான் மரையைப் பிய்க்கும்.

பட்டறை 30 வருஷம்: சரிப்பா. ஒருவேளை வாங்கினா எது?

5-லிருந்து 25 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இருக்கிறது அண்ணே. கடையில முதல்ல எடுத்துக் காட்டுறது 1/2 இன்ச், 40-லிருந்து 200 வரைக்கும். அது கார் சக்கர நட்டுக்கு. எந்த ரென்ச்சுமே அதோட உச்ச அளவுல 20 சதவீதத்துக்குக் கீழே நம்பகமா இருக்காது. பைக்ல பாதிப் போல்ட்டு எம்6, எம்8, பெரிய ரென்ச்சுல அதெல்லாம் கிளிக் ஆகறதுக்கு முன்னாடியே போயிடும். வேலை முடிஞ்சதும் குறைஞ்ச அளவுக்குத் திருப்பி வைங்க. அதால எதையும் கழட்டாதீங்க.

டியோ வண்டி: டார்க் ரென்ச் இல்லாம பிளக் போட முடியாதா அண்ணா?

தாராளமா. கையால மட்டும் உட்கார வைங்க. புது பிளக்னா அதுக்கப்புறம் அரைச் சுத்து. வாசர் ஏற்கெனவே நசுங்கின பழசுன்னா கடிகாரத்தோட சின்ன முள் ஒரு மணி நேரத்துக்கு நகர்ற அளவு. முதல் நாலஞ்சு சுத்து விரலாலேயே ஏறலேன்னா நிறுத்துங்க, மரை கோணலா ஏறுது.

மதுரை மீட்டர்: மல்டிமீட்டர்ல பேட்டரி பார்க்கப் போனேன், பொறி தெறிச்சு மீட்டர் செத்துப் போச்சு.

சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டிருப்பீங்க. அந்தத் துளையில இருந்தா மீட்டர் வெறும் கம்பி மாதிரி, பேட்டரியை ஷார்ட் பண்ணினதுக்குச் சமம். உள்ளே ஃப்யூஸ் இருந்தா மாத்திப் பாருங்க. இனிமே வோல்ட் துளை, டிசி 20. வண்டி ஓடாம சில மணி நேரம் நின்ன பேட்டரி நல்லா சார்ஜ் ஆகியிருந்தா 12.6-க்கு மேல காட்டும். இன்ஜினை ஓட விட்டு ரேஸ் பண்ணினா 13.5-லிருந்து 14.8-க்குள்ள வரணும்.

ராட்செட் ராஜா: ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செட் சொல்லுங்க. பட்ஜெட் 4000.

மூணாவது தடவை. முதல் கேள்வி. ஆயிரம் குறைஞ்சா சர்க்ளிப் பிளேயரையும் ஃபீலர் கேஜையும் அடுத்த மாசம் வாங்குங்க.

வெல்டிங் தம்பி: நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டர்ல பாதுகாப்புக் கார்டைக் கழட்டிட்டா அஞ்சு இன்ச் டிஸ்க் உட்காருது. போடலாமா?

கூடாது. நாலு இன்ச் மெஷின் வேகமாச் சுத்தும். பெரிய டிஸ்க்ல எழுதியிருக்கிற வேகம் அதைவிடக் குறைவா இருந்தா வெடிக்கும். டிஸ்க்கோட நடு வளையத்துல காலாவதி மாசமும் வருஷமும் அச்சடிச்சிருக்கும், அதையும் பாருங்க. கண்ணாடி இல்லாம அதை ஆன் பண்ணாதீங்க.

மரை போன மாரி: ஆயில் ஃபில்டர் கவர்ல எம்6 மரை பிய்ஞ்சு போச்சு. பெரிய போல்ட்டுக்கு மரை வெட்டுற டேப் அடிச்சிடலாமா?

கவர்ல இருக்கிற துளையையும் பெரிசு பண்ண வேண்டி வரும். ஹெலிகாயில் (துளைக்குள்ள புது மரையா உட்கார்ற கம்பிச் சுருள்) போடுங்க. எம்6-க்கு 6.2 அல்லது 6.3 டிரில். ஆழத்துக்கு அடையாளமா டிரில் பிட்டுல இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கோங்க. பிட்டுல கிரீஸ் தடவினா சீவல் அதுலயே ஒட்டிக்கும், இன்ஜின் உள்ளே விழாது. மரை வெட்ட ஹெலிகாயில் கூட வர்ற டேப்பைத்தான் போடணும், சாதா எம்6 டேப் பொருந்தாது. அரைச் சுத்து முன்னே, கால் சுத்து பின்னே. கையை நேராப் பிடிங்க, முதல் ரெண்டு சுத்துல சாய்ஞ்சா கடைசி வரைக்கும் சாய்வுதான். சுருளை மேல் விளிம்புக்குக் கீழே அரைச் சுத்து இறங்கற வரைக்கும் ஏத்தி, அடியில இருக்கிற நாக்கை உடைச்சு வெளியே எடுங்க. நாக்கை உள்ளேயே விட்டுட்டு இன்ஜினைப் பூட்டாதீங்க.

வெல்டிங் தம்பி: ஹெலிகாயில் போடறதுக்கு முன்னாடி துளையைப் பெட்ரோல் ஊத்தி கழுவலாமா?

கூடாது. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா நகரும். நீங்க கழுவுறது திண்ணையில, அடுப்பு எரியறது சமையலறையில. உங்க கையில கிரைண்டர் வேற இருக்கு. பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயும் எரியும், அதை ரெண்டு சொட்டு துணியில நனைச்சு, வெளியில வச்சுத் துடைங்க.

ஓலா காரன்: பேட்டரி பேக்கைத் திறக்க எந்த ஸ்க்ரூ டிரைவர்?

முதல் பத்தியைப் படிங்க.