ஜார்ஜ் ஜோன்ஸின் குரல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர் ஒருவர் சொல்லி, ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே’ (இன்று அவன் அவளை நேசிப்பதை நிறுத்திவிட்டான்) என்ற பாடலைக் கேட்டேன். ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல்கொண்ட இசை மரபைச் சேர்ந்தது அது. சொற்கள் அன்றாடப் பேச்சில் புழங்குபவை. கதையோ ஒரு வரியில் அடங்கிவிடுவது. ஆயினும் இரண்டாம் முறை கேட்டபோது அழுதுவிட்டேன். இது கலை அனுபவம்தானா, அல்லது அழவைப்பதற்கென்றே செய்யப்பட்ட உத்திக்கு நான் இணங்கிவிட்டேனா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண்ணீரை நீங்கள் தாராளமாக நம்பலாம். அப்பாடலில் உத்தி இருக்கிறது. ஆனால் அது உணர்ச்சியை ஊதிப் பெருக்கும் உத்தி அல்ல, சொல்லாமல் விடும் உத்தி.

கதையைச் சொல்பவன் காதலன் அல்லன், அவனுடைய நண்பன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். சாகும்வரை நேசிப்பேன் என்று அவன் அவளிடம் சொன்னதையும், அவளுடைய படத்தைச் சுவரில் வைத்திருந்ததையும், படுக்கையருகே கிடந்த 1962ஆம் ஆண்டுக் கடிதங்களில் அவள் தன் காதலைச் சொன்ன ஒவ்வோர் இடத்தையும் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்ததையும் கண்ணால் கண்ட சாட்சியைப்போல அந்த நண்பன் வரிசையாகச் சொல்லிச் செல்கிறான். பாடல் வெளிவந்தது 1980இல். ஆகவே அந்த ஆண்டு எண் ஒன்றே பதினெட்டு வருடக் காத்திருப்பை நம் முன் வைத்துவிடுகிறது. பிறகு, இன்று அவனைப் பார்க்கப் போனேன், கண்ணீர் இல்லை, புறப்படுவதற்கு உடுத்தித் தயாராக இருந்தான், பல வருடங்களுக்குப் பின் அவன் முகத்தில் சிரிப்பைக் கண்டேன் என்கிறான். அவன் இறந்துவிட்டான் என்று பாடல் எங்குமே நேரடியாகச் சொல்வதில்லை. வாசலில் வைக்கப்பட்ட மலர்வளையத்தைக் காட்டுகிறது. மீதியை நாமே உணர்ந்துகொள்கிறோம், அப்படி நாமே உணர்ந்துகொள்வதனால்தான் அது நம் துக்கமாகிறது.

பாபி பிராடக், கர்லி புட்மன் இருவரும் எழுதிய இப்பாடல் அளவுக்கு மீறிச் சோகமானது, யாரும் வாங்கமாட்டார்கள் என்றே ஜோன்ஸ் நினைத்தார். அப்போது அவர் கடுமையான குடிப்பழக்கத்தில் இருந்ததால் ஒலிப்பதிவு ஓராண்டுக்கும் மேல் இழுத்துக்கொண்டே போனது. பாடும்போது தெளிவாக ஒலித்த அவர் குரல், மெட்டு இல்லாமல் பேசவேண்டிய சில வரிகளில் குழறியது என்று தயாரிப்பாளர் பில்லி ஷெரில் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவள் கடைசியாக ஒருமுறை அவனைப் பார்க்க வருவதைச் சொல்லும் பகுதி அது. மெட்டின் துணை விலகிய நிலையில் மனிதக் குரல் வெறும் பேச்சாக நிற்கும் அந்த இடம்தான் இப்பாடலின் உச்சம் என்பது என் எண்ணம். பாடகி டாமி வைனெட்டுடனான ஜோன்ஸின் மணமுறிவை (1975) இதனுடன் இணைத்துப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. வாழ்க்கை வரலாறு எதுவும் தெரியாத உங்களையும் அக்குரல் தொட்டிருக்கிறதே.

ஜோன்ஸ் ஒரு சுரத்தில் நேராகச் சென்று நிற்பதில்லை. கீழிருந்து நெருங்கி, தயங்கி, சிலசமயம் ஒரே அசைக்குள் உயரத்திலிருந்து ஆழத்திற்கு இறங்கிவிடுகிறார். உலோகத் துண்டைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிதாரும் இந்த இசை மரபில் அதையே செய்கிறது. சுரங்களை வளைத்து அசைக்கும் கமகத்தில் பழகிய நம் காதுக்கு இவ்விசை அந்நியமாக ஒலிக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்து இன்னொரு கன்ட்ரி பாடகியான பாட்சி க்ளைன் பாடிய ‘கிரேஸி’யைக் கேளுங்கள். வில்லி நெல்சன் எழுதியது. 1961 ஜூன் மாதக் கார் விபத்தில் விலா எலும்பில் ஏற்பட்ட காயத்தால் முதல் அமர்வில் உயர்ந்த சுரங்களை எட்ட முடியாமல் திரும்பிச் சென்ற க்ளைன், பிறகு வந்து தன் குரலைப் பதிவுசெய்தார். அதில் எங்கும் அழுகை இல்லை. தன் பேதைமையைத் தானே அறிந்த ஒரு பெண், அதை மறைக்காமல், நிதானமாகச் சொல்லிக்கொள்கிறாள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.