என் விவாகரத்து வழக்கை வக்கீல் ரீல்ஸ் போட்டுவிட்டார், என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரை குடும்ப நீதிமன்றத்தில் எனக்கு விவாகரத்து கிடைத்தது. என் வக்கீல் அதை இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகப் போட்டிருக்கிறார். பெயர் சொல்லவில்லை. ஆனால் ‘உசிலம்பட்டிப் பக்கம் ஒரு டீச்சர், வீட்டுக்காரர் பட்டாளத்தில்’ என்கிறார். நான் அவரிடம் அழுதுகொண்டே சொன்னதுகூட அதில் வருகிறது. மகனுக்கான ஜீவனாம்ச வழக்கு இன்னும் அவர் கையில்தான். பகைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, பெயர் சொல்லவில்லையே என்று அவர் சமாளிக்கலாம். ஊரும் வேலையும் சொன்ன பிறகு பெயர் எதற்கு?

நீங்கள் வக்கீலிடம் சொன்ன ரகசியம் உங்களுடையது. உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் அதை வெளியே சொல்லக்கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவு சொன்ன இதை, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-வது பிரிவு சொல்கிறது. வழக்கு முடிந்தாலும் இந்தக் கடமை முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 22-வது பிரிவோ, விவாகரத்து விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. அதைப் பற்றி வெளியிட்டால் 1,000 ரூபாய் வரை அபராதம். தொகை சின்னதுதான், ஆனால் உங்கள் மானத்தைக் காக்கத்தான் அந்தப் பிரிவே இருக்கிறது.

ஜீவனாம்சம் என்றால் என்ன என்று பொதுவாக விளக்கும் வக்கீல்களால் ஊருக்கு நல்லதுதான். ‘நான் ஜெயித்துக் கொடுத்தேன்’ என்று தன்னிடம் வழக்குக் கொடுத்தவர் கதையைக் காட்டுவது ஆள் பிடிக்கும் வேலை. வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் 36-வது விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. இணையத்தில் விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது.

சரி, முதலில் அந்த ரீல்ஸை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து, லிங்க், தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “சார், என் வழக்கைப் பற்றி வீடியோ போட நான் சம்மதிக்கவில்லை. இன்றே எடுத்துவிடுங்கள்.” போனில் மட்டும் சொல்லாதீர்கள், எழுத்தில் இருக்க வேண்டும்.

ஜீவனாம்ச வழக்குக்காகப் பயந்து அடங்கிப் போக வேண்டாம். வக்காலத்தை வேறு வக்கீலுக்கு மாற்றுவது உங்கள் உரிமை. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

அவர் எடுக்க மறுத்தால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். தப்பு நிரூபணமானால் கண்டனம் முதல் வக்கீல் பட்டியலில் இருந்து பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. உள்ளூர் வக்கீல் சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஒன்று மட்டும் கவனம். கோபத்தில் உங்கள் வீட்டார் யாரும் அந்த ரீல்ஸுக்குக் கீழே போய்ச் சண்டை போட வேண்டாம். அதைப் பார்த்துத்தான் இன்னும் தெரியாதவர்களுக்கும் நீங்கள்தான் என்று உறுதியாகும்.