வானமும் தரையும் ஒரே படத்தில்: எக்ஸ்போஷரை எதற்கு வைப்பது?

கேள்வி: சூரிய உதயம், அஸ்தமன நேரங்களில் இயற்கைக் காட்சிகளைப் படம் எடுக்கிறேன். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் தரை கறுத்துப்போகிறது. தரைக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடுகிறது. கேமரா திரையில் நன்றாக இருந்த படம்கூடக் கணினியில் பார்த்தால் ஏமாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் மூன்று படம் எடுத்து இணைப்பதுதான் வழியா?

பதில்: இல்லை. ரா ஃபைலாக (கேமரா பதிவுசெய்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்தால் பெரும்பாலான காட்சிகளுக்கு ஒரு படமே போதும். ஆனால் அந்த ஒரு படத்தின் எக்ஸ்போஷரை முடிவுசெய்யும் பொறுப்பைக் கேமராவிடம் விடக்கூடாது.

கேமராவின் மீட்டர் பொதுவாகக் காட்சியை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானத்தில் எந்த மேகம் உங்களுக்கு முக்கியம் என்று அதற்குத் தெரியாது. ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் இயல்பு வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அளவு வரைதான் ஒளியை வாங்கும்; நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வந்தது எதுவும் பதிவாகாது. அப்படி வெளுத்த மேகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழல் பகுதி அப்படியல்ல. இன்றைய நல்ல சென்சார்கள் மிகக் குறைந்த ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏறக்குறைய 12 முதல் 14 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரண்டு மடங்கு) வெளிச்ச வேறுபாட்டைத் தாங்கும். இருட்டாகத் தெரியும் பாறையிலும் புல்லிலும் விவரம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, காட்சியில் விவரம் போகக்கூடாத இடங்களில் எது மிக வெளிச்சமானது என்பதை. சூரியன் ஃபிரேமுக்குள் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது வெளுக்கத்தான் செய்யும். அதைக் காப்பாற்றப் போனால் மற்ற எல்லாம் கறுத்துவிடும். தண்ணீரில் மின்னும் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகளும் அப்படித்தான். சூரியனைச் சுற்றியுள்ள மேகம், பனி, அருவியின் வெண்மை ஆகியவைதான் காக்க வேண்டியவை.

அந்த இடத்தை ஸ்பாட் மீட்டரிங்கில் (ஃபிரேமின் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை) அளந்து, மீட்டர் சொல்வதைவிட 2 ஸ்டாப் கூட்டி வையுங்கள். மேகம் வெளிச்சமாகவும் இருக்கும், விவரமும் நிற்கும். இவ்வளவு நிதானம் இல்லையென்றால் ஒரு படம் எடுத்து, ஹைலைட் எச்சரிக்கையை (ஹைலைட் எனும் மிக வெளிச்சமான பகுதிகளில் வெளுத்தவை திரையில் மினுக்கும்) பார்த்து, முக்கியமான இடம் மினுக்கினால் மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். நிக்கான் 2014-இல் டி810 கேமராவில் ஹைலைட்டை மையமாக வைத்து அளக்கும் மீட்டரிங் முறையைக் கொடுத்தது. சோனியின் சில கேமராக்களிலும் இதுபோல ஒன்று உண்டு. இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் சூரியன் ஃபிரேமில் இருக்கும்போது அது தேவைக்கு மேல் பயந்து படத்தை இருட்டாக்கிவிடும்.

குறைப்பதையும் அளவோடு செய்ய வேண்டும். வானம் போய்விடுமோ என்று எல்லாப் படத்தையும் 2 ஸ்டாப் இருட்டாக எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதுவும் நஷ்டம்தான். ஒளி நான்கு மடங்கானால் அதனோடு வரும் நாய்ஸ் (படத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் சொரசொரப்பு) இரண்டு மடங்குதான் ஆகும். அதாவது ஒளி கூடக்கூட நிழல்கள் சுத்தமாகும். முக்கியமான ஹைலைட், வெளுக்கும் எல்லைக்குச் சற்று முன்னால் வந்து நிற்பதுதான் நல்ல எக்ஸ்போஷர். ஐஎஸ்ஓவை 100-இலோ, உங்கள் கேமராவின் அடிப்படை அளவு எதுவோ அதிலோ வைத்து, தேவையான ஒளியை ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து வாங்குங்கள். ட்ரைபாட் இதற்குத்தான்.

திரை ஏன் ஏமாற்றுகிறது? விடியற்காலை இருட்டில் அது பளிச்சென்று தெரியும், வெயிலில் மங்கித் தெரியும். அதில் தெரியும் வெளிச்சத்தை வைத்து எக்ஸ்போஷரை முடிவுசெய்யவே கூடாது. ஹிஸ்டோகிராமை (இருட்டு முதல் வெளிச்சம் வரை எது எவ்வளவு இருக்கிறது என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) பாருங்கள், அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு. ரா எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம், உள்ளே தயாராகும் ஜேபெக் படத்திலிருந்து வருவது. அது வெளுத்துவிட்டது என்று சொல்லும்போது ராவில் இன்னும் அரை ஸ்டாப்போ அதற்கு மேலோ இடம் இருக்கலாம். பிக்சர் ஸ்டைலை (ஜேபெக்கின் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் முடிவுசெய்யும் அமைப்பு) நியூட்ரல் அல்லது ஃபிளாட்டில் வைத்தால் இந்த இடைவெளி குறையும். உங்கள் கேமராவில் சரியாக எவ்வளவு என்று தெரிய, வெளிச்சமான சொரசொரப்பான சுவர் ஒன்றை எச்சரிக்கை மினுக்கத் தொடங்கும் இடத்திலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் கூட்டி வரிசையாக எடுங்கள். ராவைத் திறந்து, எந்தப் படத்தில் விவரம் போகிறது என்று பாருங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

அஸ்தமனத்துக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அங்கே சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பும். ஒற்றை ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்க, செம்மஞ்சள் வானம் தட்டையான மஞ்சளாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள்.

சரி, மூன்று படம் எப்போது தேவை? ஹைலைட்டைக் காத்து எடுத்த பிறகும் ஹிஸ்டோகிராமின் இடது ஓரத்தில் பெரிய குவியல் சுவரை ஒட்டி நின்றால், அந்த இருட்டில் நமக்கு வேண்டியது ஏதாவது இருந்தால். அப்போதும் கேமராவின் மீட்டர் அளவை நடுவில் வைக்காமல், ஹைலைட்டுக்கு எடுத்த படத்திலிருந்தே தொடங்கி 2 ஸ்டாப், 4 ஸ்டாப் எனக் கூட்டிப் போங்கள். பல நேரம் இரண்டாவது படத்திலேயே வேலை முடிந்துவிடும். அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பு அளவு) தொடாதீர்கள், ஃபோகஸ் ஆழம் மாறி இணைப்பு கெடும்; ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். காற்றில் இலையும் கிளையும் ஆடினால் இணைக்கும்போது இரட்டையாகத் தெரியும், அங்கே ஒரே படத்தோடு நிறுத்திக்கொள்வதே மேல். வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று எடுப்பது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். பிரான்சின் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லு கிரே 1850-களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து ஒரே பிரிண்டில் சேர்த்திருக்கிறார்!

மேற்பாதி கறுத்தும் கீழ்ப்பாதி தெளிவாகவும் இருக்கும் கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர், அடிவானம் நேர்கோடாக இருக்கும் கடலுக்கும் சமவெளிக்கும் நன்றாகப் பொருந்தும். மலைமுகடோ மரமோ அந்தக் கோட்டைத் தாண்டினால் அதன் மேற்பாதி கறுத்துவிடும்.

வீட்டுக்கு வந்து ரா ஃபைலைத் திறந்ததும் படம் இருட்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம். எக்ஸ்போஷரை மொத்தமாக ஏற்றி, ஹைலைட்டை இறக்கி, ஷேடோவை அப்புறம் கொஞ்சம் தூக்குங்கள். முழுக்கத் தூக்கினால் அந்த நேரத்து வெளிச்சமே காணாமல் போய், படம் பொம்மைத்தனமாகிவிடும். ஏரி இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள்: தண்ணீரில் தெரியும் வானம், மேலே உள்ள அதே வானத்தைவிடக் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும். உங்கள் படத்தில் அது தலைகீழாக இருந்தால் தரையை அரை ஸ்டாப்பாவது இறக்குங்கள்.